ஒன்றே முக்கால் வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல்: மருந்து கொடுப்பதா, காத்திருப்பதா?

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு ஒன்றே முக்கால் வயது, எடை பத்து கிலோ. நேற்று மாலை தொடங்கிய காய்ச்சல், இன்று இரண்டாவது ராத்திரி. அக்குளில் வைத்துப் பார்த்தால் 102 டிகிரி. மூக்கு லேசாக ஒழுகுகிறது. பாராசிட்டமால் கொடுத்தால் இறங்கி, எழுந்து விளையாடுகிறாள். நாலைந்து மணி நேரத்தில் திரும்ப ஏறிவிடுகிறது. மாமியார், "மருந்து கொடுத்து அடக்காதே, உள்காய்ச்சலா மாறிடும்" என்கிறார். கணவர், "ஜன்னி வந்துடும், தூங்கினாலும் எழுப்பிக் கொடு" என்கிறார். மெடிக்கல் ஷாப்பில் கேட்காமலேயே ஒரு ஆன்டிபயாடிக் சிரப்பும் தந்திருக்கிறார்கள். இதில் யார் சொல்வதைக் கேட்பது?

கேள்வி மருந்தைப் பற்றியதாக இருந்தாலும் உள்ளே இருக்கும் கேள்வி வேறு. இந்தக் காய்ச்சலை வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாமா, இல்லை இப்போதே ஆட்டோ பிடித்துக் கிளம்ப வேண்டுமா? இதற்கு வழி தெரிந்துவிட்டால் எத்தனை மில்லி, எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் சுலபம். நான் குழந்தைகள் மருத்துவம் படித்து, அரசு மருத்துவமனை வார்டில் வேலை கற்று, பிறகு இந்த வடசென்னைப் பக்கமே நீண்ட காலமாக கிளினிக் வைத்திருப்பவன். காய்ச்சல் குழந்தையைப் பார்க்காத நாள் எனக்குக் கிடையாது. ஆனாலும் உங்கள் மகளை நான் தொட்டுப் பார்க்கவில்லை. காது, தொண்டை, நெஞ்சு மூன்றையும் பார்க்காமல் என்ன காய்ச்சல் என்று எழுத்தில் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. கீழே இருப்பது நீங்களே முடிவெடுக்க உதவும். பரிசோதனைக்கு மாற்று ஆகாது.

முதலில் காய்ச்சல் என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடலாம், பாதிப் பயம் அங்கேதான் இருக்கிறது. 100.4 டிகிரிக்கு மேல் போனால் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்கிறோம். அக்குளில் பார்க்கும்போது உள்ளே இருப்பதைவிட அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை குறைவாகவே காட்டும். கிருமி உள்ளே வந்ததும் மூளையே உடம்பின் வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது, இஸ்திரிப் பெட்டியின் திருகை ஒரு கோடு கூட்டி வைப்பது போல. அந்த அளவை எட்டும் வரை உடம்பு சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் காய்ச்சல் ஏறும் நேரத்தில் குழந்தையின் தலையும் வயிறும் கொதிக்க, கையும் காலும் ஜில்லென்று இருக்கின்றன, நடுக்கமும் வருகிறது. இதைப் பார்த்துத்தான் பல வீடுகளில் 'உள்காய்ச்சல்' என்கிறார்கள். அது தனியாக ஒரு நோய் இல்லை, மருந்து கொடுத்ததால் உள்ளே போய் ஒளிந்துகொண்டதும் இல்லை. அரை மணி, முக்கால் மணியில் கை காலும் சூடாகிவிடும். ஆனால் காய்ச்சல் இறங்கிய பிறகும் கை கால் ஜில்லென்றே இருந்து, குழந்தையும் துவண்டு கிடந்தால் அது வேறு விஷயம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

102, 103 என்ற எண் மூளையைப் பாதிக்காது. தொற்றினால் வரும் காய்ச்சலை உடம்பு ஒரு வரம்புக்குள்தான் வைத்திருக்கும். 106 தாண்டுவது மிக அபூர்வம். வெயிலில் பூட்டிய காருக்குள் மாட்டிக்கொண்ட குழந்தைக்கு ஏறும் சூடுதான் மூளையைக் கெடுக்கும், அதன் வழியே வேறு. எண் பெரிதாக இருந்தால் நோயும் பெரிதாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. சாதாரண வைரஸ் காய்ச்சலில் 104 அடித்துவிட்டு மருந்து இறங்கியதும் முறுக்கு கேட்ட குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். 100 டிகிரியோடு வந்து, கண்ணைத் திறக்காமல் அம்மா தோளில் தொங்கிய குழந்தையை நேராக ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அனுப்பியதும் உண்டு. எண்ணே முடிவு செய்துவிடும் வயதும் ஒன்று இருக்கிறது: மூன்று மாதத்துக்குட்பட்ட சிசு. அதற்கு 100.4 வந்தாலே, பால் குடித்தாலும் சிரித்தாலும், அந்த நேரத்திலேயே மருத்துவமனை. தாமதமே கூடாது. உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள்.

அடுத்து பாராசிட்டமால். இது உடம்பு வலியையும் சிணுங்கலையும் குறைக்கும், குழந்தை தண்ணீர் குடிக்கவும் தூங்கவும் வழி செய்யும். கிருமியைக் கொல்லாது, காய்ச்சல் நாட்களையும் குறைக்காது. கணவருக்கு ஏமாற்றமாக இருக்கலாம், ஆனால் இது உறுதியாகத் தெரிந்த விஷயம்: நேரம் தவறாமல் கொடுத்தாலும் அது ஜன்னியை, அதாவது வலிப்பைத் தடுக்காது. மாமியாரின் பேச்சில் ஒரு துளி நியாயம் உண்டு. காய்ச்சல் என்பது கிருமியை எதிர்க்க உடம்பு எடுக்கும் நடவடிக்கைதான். ஆனால் மருந்து கொடுத்து அதைக் குறைத்தால் நோய் முற்றிவிடும் என்பதற்கு, சாதாரணக் குழந்தைக் காய்ச்சல்களில், பொருட்படுத்தும்படியான சான்று இல்லை. ஆக, முடிவு எளிது. 102 இருந்தும் உட்கார்ந்து பொம்மையைப் பிய்த்துக்கொண்டிருந்தால் மருந்து தேவையில்லை. 100.8 தான் என்றாலும் உடம்பு வலித்து அழுதுகொண்டே இருந்தால் கொடுங்கள். தூங்கினால் தூங்கட்டும், எண்ணைக் குறைப்பதற்காக எழுப்ப வேண்டாம். நடுவில் ஒரு தடவை தொட்டுப் பார்த்து, மூச்சு எப்படி இருக்கிறது என்று கவனித்தால் போதும்.

அளவில்தான் எனக்குப் பெரிய கவலை. ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மி.கி. பத்து கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 150 மி.கி. இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது நாலு மணி, முடிந்தால் ஆறு மணி நேரம் இடைவெளி. 24 மணி நேரத்தில் நாலு வேளைக்கு மேல் கூடாது. கடையில் இது ஒரே மருந்தாக, ஆனால் பல அடர்த்தியில் கிடைக்கிறது. 5 மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி. இருக்கும் சிரப் என்றால் உங்கள் மகளுக்கு 6 மி.லி. 5 மி.லி.யில் 250 மி.கி. இருக்கும் சிரப் என்றால் 3 மி.லி. சிசுக்களுக்கான டிராப்ஸ் பெரும்பாலும் ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி.; அதில் ஒன்றரை மி.லி. மூன்றிலும் குழந்தைக்குள் போவது ஏறக்குறைய ஒரே அளவுதான். 'ஒரு மூடி', 'ஒரு ஸ்பூன்' என்று வாய்வழியாக வரும் கணக்கு இங்கேதான் கவிழ்த்துவிடும். போன தடவை வாங்கியது 120, இந்தத் தடவை கடைக்காரர் எடுத்துத் தந்தது 250, வீட்டில் அதே ஆறு மி.லி. என்றால் 300 மி.கி. உள்ளே போய்விடும். ஒரு தடவை இப்படி ஆகிவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நாலு மணிக்கொரு தடவை, மூன்று நாள் என்று தொடர்ந்தால் கல்லீரல் கெடும். முதல் நாளில் வெளியே ஒன்றுமே தெரியாது என்பதுதான் அதில் மோசமான விஷயம். அளவு மிஞ்சிக் கொடுத்துவிட்டோம் என்று தோன்றினால், குழந்தை நன்றாக இருந்தாலும் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் காட்டிவிடுங்கள்.

கிளினிக்கில் அடிக்கடி நடக்கும் ஒன்று. காய்ச்சல் குறையவே இல்லை என்று ஒரு அம்மா பையைத் திறந்து மேஜை மேல் மூன்று பாட்டிலை வரிசையாக வைப்பார். கால்பால், குரோசின், டோலோ. ஒன்று போன மாதம் நான் எழுதியது, ஒன்று பக்கத்து வீட்டுக்காரம்மா கொடுத்தது, ஒன்று கடையில் 'இது நல்லா கேட்கும்' என்று தந்தது. "ஒண்ணு கேட்கலைன்னா இன்னொண்ணு கொடுத்தேன் டாக்டர்." மூன்றும் பாராசிட்டமால்தான். பாட்டிலின் பின்பக்கம் சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். சில சளி சிரப்புகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். காய்ச்சலுக்கு ஆசனவாயில் வைக்கும் மருந்தும் பெரும்பாலும் பாராசிட்டமால்தான், அதையும் ஒரு வேளையாகத்தான் எண்ண வேண்டும்.

எடை சரியாகத் தெரியாவிட்டால், எடை மெஷினில் நீங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, தூக்காமல் ஒரு தடவை ஏறி, கழித்துக்கொள்ளுங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம், ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு அளவு. ஊசி இல்லாத சிரிஞ்ச் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதில் உறிஞ்சி, கன்னத்தின் உட்புறமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மூக்கைப் பிடித்து ஊற்றாதீர்கள். பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும், மருந்து அடியில் தங்கிவிடும். கொடுத்த உடனே அப்படியே கக்கிவிட்டால் திரும்பக் கொடுக்கலாம். அரை மணி ஆகியிருந்தால் விட்டுவிடுங்கள். வேலை செய்ய முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். 103 இருந்தது 101 ஆனால் மருந்து கேட்டுவிட்டது என்று அர்த்தம். 98.4 வந்தால்தான் கேட்டது என்று நினைத்து இன்னொரு வேளை ஊற்றுகிறார்கள், அது தேவையில்லை. இன்னொன்று, பாராசிட்டமாலுக்குக் குறைவதை வைத்து இது சாதாரணக் காய்ச்சல் என்றோ, குறையாததை வைத்து இது பெரிய நோய் என்றோ சொல்ல முடியாது. நிமோனியாக் காய்ச்சலும் குறையும்.

மெஃப்டால், ஐபுபுரோஃபென் கலந்த சிரப்புகள் ஆகியவற்றைப் பலர் வீட்டில் வைத்திருக்கிறார்கள், பாராசிட்டமாலைவிட 'ஸ்ட்ராங்' என்று. சூட்டைக் குறைப்பதில் அவை நன்றாகவே வேலை செய்யும். ஆனால் டெங்கு இருந்தால் இரத்தக் கசிவைக் கூட்டும், நீர் வற்றிய குழந்தைக்குச் சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தும். நம் ஏரியாவில் மழைக்காலக் காய்ச்சல் எதுவாக இருந்தாலும், டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. நிமசுலைடு பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு 2011 முதல் நம் நாட்டில் தடை. ஆஸ்பிரின் குழந்தைக் காய்ச்சலுக்குக் கூடவே கூடாது.

மெடிக்கலில் தந்த ஆன்டிபயாடிக்கைத் திறக்காமல் வையுங்கள். மூக்கொழுகலோடு, இரண்டு நாள் காய்ச்சல், இறங்கினால் விளையாட்டு என்றால் பெரும்பாலும் வைரஸ். அதற்கு ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது, வயிற்றுப்போக்கைத்தான் கொண்டுவரும். நிஜமாகவே பாக்டீரியா தொற்றாக இருந்தால், பாதி அளவில் இரண்டு வேளை கொடுத்துவிட்டு வருவது பரிசோதனையைக் குழப்பிவிடும். மூக்கொழுகலுக்கான சளி சிரப்பும் வேண்டாம். அதில் வழக்கமாக இருக்கும் குளோர்ஃபெனிரமின், ஃபினைல்எஃப்ரின் கலவை நாலு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடாது என்று 2023 இறுதியில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே சொல்லிவிட்டது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தது நினைவிருக்கும். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சை எந்த அம்மாவும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தேவையில்லாத சிரப்பை வாங்காமல் இருப்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

ஈரத்துணி பற்றி. ஐஸ் தண்ணீர், குழாய்த் தண்ணீர் வேண்டாம். மூளை அந்த இஸ்திரிப் பெட்டித் திருகைக் கூட்டி வைத்திருக்கும்போது தோலை மட்டும் குளிரவைத்தால் உடம்பு நடுங்கி இன்னும் சூட்டை உண்டாக்கும், குழந்தைக்கும் வேதனை. வெதுவெதுப்பான தண்ணீரில் துடைப்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. சில நாட்டு வழிகாட்டுதல்கள் தேவையில்லை என்கின்றன, நம் வார்டுகளில் இன்னும் செய்கிறோம். நான் சொல்வது: மருந்து கொடுத்து அரை மணி கழித்து, குழந்தைக்குப் பிடித்தால் துடையுங்கள், அழுதால் நிறுத்திவிடுங்கள். ஸ்வெட்டர், குல்லா, போர்வை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மெல்லிய பருத்திச் சட்டை. ஃபேன் ஓடட்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடாக இருந்தால் பகலில் உள்ளே வைக்காதீர்கள், காற்று வரும் திண்ணையோ மரத்தடியோ தேவலை. வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டலாம், ஒன்றும் ஆகாது.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது நம் வீடுகளில் சாதாரணம். கற்பூரம் குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கும் பொருள். வாயில் போனால் மிகவும் ஆபத்து, தோல் வழியாகவும் உள்ளே போகும். நீலகிரித் தைலமும் அப்படித்தான். காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது என்று தூக்கிவரும் குழந்தையிடம் கற்பூர வாசனை அடித்தால் எங்களுக்குக் கேள்வியே மாறிவிடும். இரண்டு வயதுக்குள் இதெல்லாம் எதுவுமே வேண்டாம்.

'தொக்கம்' எடுப்பவரிடம் தூக்கிப்போவதையும் நிறுத்துங்கள். தொண்டையில் சிக்கியதை எடுக்கிறேன் என்று வாயில் விரல் விடுவதும் ஊதுவதும் தொண்டையைப் புண்ணாக்கும், வாந்தி மூச்சுக்குழலில் இறங்கும். மசூதி வாசலில் மந்திரிப்பது, கோயிலில் விபூதி போடுவது பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை, எந்த மதத்துக்காரரும் எந்த வாசலுக்கும் போகிற ஊர் இது. டாக்டரிடம் காட்ட வேண்டிய நேரத்தை அது தின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான். பல் முளைப்பதால் காய்ச்சல் என்பதும் பாதிதான் உண்மை. பல் முளைக்கும்போது உடம்பு லேசாகச் சூடாகலாம், 102 போகாது. பல்லின் மேல் பழியைப் போட்டதால் கவனிக்காமல் விடப்பட்ட சிறுநீர்த் தொற்று நிறைய. அதுவும் பெண் குழந்தைக்கு, வேறு காரணம் தெரியாமல் இரண்டு மூன்று நாள் காய்ச்சல் என்றால் சிறுநீர்ப் பரிசோதனை கட்டாயம் கேளுங்கள்.

வலிப்புக்கு வருகிறேன், கணவரின் பயம் அதுதானே. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரும். பார்ப்பவருக்குக் குழந்தை போய்விட்டது போலவே இருக்கும்: கண் மேலே சொருகும், கை கால் வெட்டும், உதடு நீலமாகும். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். மூளைக்குப் பாதிப்பு இருக்காது, வலிப்பு நோயாக மாறுவதும் மிகக் குறைவு. வந்தால் தரையில் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர், மருந்து எதுவும் வேண்டாம். கையில் சாவிக் கொத்தைத் திணிப்பதால் எதுவும் நிற்காது, அந்தச் சமயத்தில் அது நின்றுவிடுவதால் சாவிக்குப் பெயர். கையைக் காலைப் பிடித்து அழுத்தவும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108. சீக்கிரம் நின்றுவிட்டாலும் முதல் தடவை என்றால் அன்றே காட்ட வேண்டும். வலிப்பு எதனால் என்று பார்ப்பது எங்கள் வேலை. முன்பே வலிப்பு வந்த குழந்தைக்கு டாக்டர் தனி மருந்து எழுதித் தந்திருந்தால் அவர் சொன்னபடி கொடுங்கள்.

இப்போது ஆட்டோ கேள்வி. மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து, சூடு கொஞ்சம் இறங்கிய நேரத்தில் குழந்தையைப் பாருங்கள். கொதிக்கும் நேரத்தில் எல்லாக் குழந்தையும் சோர்ந்துதான் கிடக்கும், அதை வைத்து முடிவெடுக்க முடியாது. இறங்கிய நேரத்தில் உங்கள் முகத்தைப் பார்க்கிறாளா, கூப்பிட்டால் திரும்புகிறாளா, ஏதாவது குடிக்கிறாளா? பிறகு சட்டையைத் தூக்கிவிட்டு, தூங்கும்போது, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள், குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. ஒரு வயது முதல் ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், முனகல் சத்தம் வந்தால் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம், கிளம்புங்கள். எட்டு மணி நேரமாக ஒண்ணுக்கே போகவில்லை, அழுதால் கண்ணீர் இல்லை, வாய் காய்ந்திருக்கிறது. எழுப்ப எழுப்பத் திரும்பச் சொருகுகிறாள். எதைக் கொடுத்தாலும் வாந்தி. தூக்கினால் இன்னும் வீறிட்டு அழுகிறாள். கழுத்து விறைப்பாக இருக்கிறது. கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் தோலில் இருக்கின்றன. இவற்றில் ஒன்று இருந்தால் தெர்மாமீட்டர் என்ன சொன்னாலும் அந்த ராத்திரியே போக வேண்டும். உங்கள் பக்கத்திலிருந்து ஸ்டான்லி கிட்டத்தில் இருக்கிறது, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் ராத்திரியில் திறந்திருக்கும். எது கிட்டவோ அங்கே. பெரிய மருத்துவமனைதான் வேண்டும் என்று வழியில் நேரத்தை விடாதீர்கள்.

இதில் எதுவுமே இல்லை என்றால் இன்று ராத்திரி வீட்டிலேயே இருக்கலாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகள் இந்தப் பக்கம்தான் இருக்கிறாள். மூன்றாவது நாளும் காய்ச்சல் இருந்தால் காட்டுங்கள். ஐந்து நாள் தாண்டியும் தொடர்ந்தால் மழுப்பலுக்கே இடமில்லை, டைஃபாய்டு, சிறுநீர்த் தொற்று, உண்ணிக் காய்ச்சல், கண்ணும் உதடும் சிவந்து வரும் கவாசாகி என்று தேட வேண்டியவை நிறைய. முதல் நாளே இரத்தப் பரிசோதனைக்கு ஓடுவதில் பயன் குறைவு. சளி, வைரஸ், டெங்கு எல்லாம் முதல் நாளில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். டெங்குவுக்கான என்எஸ்1 பரிசோதனை முதல் ஐந்து நாளுக்குள் உதவும், அதன் பிறகு ஐஜிஎம் என்ற இரத்தப் பரிசோதனை. டைஃபாய்டுக்கு விடால் என்ற இரத்தப் பரிசோதனையை எழுதித் தருவார்கள். முதல் வாரத்தில் அது வெறும் காகிதம், இரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் இரத்தக் கல்ச்சர்தான் நம்பகமானது. எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம்.

டெங்கு பற்றித் தனியாகச் சொல்லாமல் முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீரும் மாடியில் கிடக்கும் டயரும் நம் தெருக்களில் கொசுவை வளர்க்கும் மாதங்கள். அந்தக் கொசு பகலில் கடிக்கும், ஆகவே பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். மற்றக் காய்ச்சலில் சூடு விட்டதும் நிம்மதி. டெங்குவில் அப்படி இல்லை, மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போதுதான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். சூடு இல்லை, ஆனால் வயிற்றைத் தொட்டால் அழுகிறாள், வாந்தி நிற்கவில்லை, கை கால் ஜில்லிட்டுப் போயிருக்கிறது, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மலம் கறுப்பாகப் போகிறது, ஒண்ணுக்கு குறைந்துவிட்டது. மேலே பிறகு சொல்கிறேன் என்ற ஜில்லிப்பு இதுதான். இந்த நேரத்தில் 'காய்ச்சல் விட்டுடுச்சு, களைப்பா தூங்குறா' என்று விட்டுவிடுகிறார்கள். இரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) எத்தனை ஆயிரம் என்பதைவிட இந்த அறிகுறிகள்தான் முக்கியம். பப்பாளி இலைச்சாறும் நிலவேம்புக் கஷாயமும் டெங்குவைக் குணப்படுத்தும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. நிலவேம்பை அரசே விநியோகித்தது உண்மை, அதனால் பெரியவர்கள் குடிப்பதைப் பற்றி நான் சண்டை போடுவதில்லை. ஒன்றே முக்கால் வயதுக் குழந்தைக்கு அந்தக் கசப்பை ஊற்றி, இருக்கும் நீரையும் வாந்தியாக வெளியேற்ற வேண்டாம்.

சாப்பாட்டுக்கு மல்லுக்கட்டாதீர்கள். இரண்டு நாள் சோறு இறங்காவிட்டால் ஒன்றும் ஆகாது, தண்ணீர் இறங்காவிட்டால்தான் ஆபத்து. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தால் கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். கஞ்சி, ரசம் சாதம், இட்லி, இளநீர், மோர் எது பிடிக்கிறதோ அது, கொஞ்சம் கொஞ்சமாக. 'காய்ச்சலுக்கு மோர் ஆகாது, இளநீர் சளி பிடிக்கும்' என்பதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது. வாந்தியோ பேதியோ இருந்தால் ஓஆர்எஸ். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில், பெரிய பாக்கெட் என்றால் ஒரு முழு லிட்டரில், கரைத்து ஸ்பூன் ஸ்பூனாக. அரை டம்ளரில் கொஞ்சம் தூளைப் போட்டுக் கலக்கினால் உப்பு கூடிவிடும். ஓஆர்எஸ் என்று பெயர் போட்டு டெட்ரா பாக்கெட்டில் விற்ற இனிப்புப் பானங்களை நம்பாதீர்கள். அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது, பழைய சரக்கு எங்காவது இருக்கலாம்.

தடுப்பூசி போட்ட அன்றோ மறுநாளோ வரும் காய்ச்சல் பெரும்பாலும் ஊசியால்தான், இரண்டு நாளில் போய்விடும். உங்கள் மகளுக்கு 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் போட வேண்டிய டிபிடி பூஸ்டரும் தட்டம்மை, ரூபெல்லா இரண்டாவது தவணையும் போட்டாயிற்றா என்று அட்டையில் பாருங்கள். தட்டம்மை ஊசிக் காய்ச்சல் மட்டும் ஒரு வாரம், பத்து நாள் கழித்து வரும். போடவில்லை என்றால் காய்ச்சல் சரியானதும் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம். மூன்று நாள் கடும் காய்ச்சலுக்குப் பிறகு, காய்ச்சல் விடும் நாளில் மார்பிலும் முதுகிலும் ரோஜா நிறத்தில் பொரிப் பொரியாக வந்து குழந்தை சிரித்துக்கொண்டிருந்தால் அது இந்த வயதுக்கே உரிய ஒரு வைரஸ், மருந்து வேண்டாம். இருமலும் சிவந்த கண்ணுமாக, காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதே முகத்திலிருந்து கீழே இறங்கும் பொரி என்றால் தட்டம்மையாக இருக்கலாம். வேப்பிலை கட்டி வீட்டோடு வைத்துக்கொள்ளாமல் காட்டுங்கள். நிமோனியாவில் கொண்டுபோய் விடும் நோய் அது.

டாக்டரிடம் போகும்போது ஒரு காகிதத்தில் காய்ச்சல் தொடங்கிய நாளும் நேரமும், எந்த மருந்து எத்தனை மி.லி. எத்தனை மணிக்கு, கடைசியாக ஒண்ணுக்கு போனது எப்போது என்று எழுதிக்கொண்டு போங்கள். எல்லா பாட்டில்களையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அந்த ஆன்டிபயாடிக்கையும் சேர்த்து. தடுப்பூசி அட்டை வேண்டும். மூச்சு வித்தியாசமாக இருந்ததாகவோ கை கால் வெட்டியதாகவோ தோன்றினால் ஃபோனில் அரை நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்ததும் பல குழந்தைகள் நன்றாகிவிடுவார்கள், நடந்ததை எங்களால் அப்புறம் பார்க்க முடியாது.